மார்ச் 9க்கு அச்சடித்த முகங்கள்

போன மாதம் முழங்காவில் பக்கமிருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். புதிதாக டிசைன் கடை போட்டிருக்கிறானாம். "அக்கா, மாகாண சபை எலெக்சன் வருமெண்டு கதைக்கினம். அந்த வேலை எடுத்தா நல்ல காசோ?" என்று கேட்டான். வடக்கில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அடுத்தது வரும்போது வரட்டும். ஆனால் அவன் கேட்ட கேள்வியை நான் 2023 தை மாதம், உள்ளூராட்சித் தேர்தல் சுவரொட்டி வேலை எடுக்குமுன், யாரிடமாவது கேட்டிருந்தால் என் காப்பும் சங்கிலியும் ஒரு வருடம் அடைவில் கிடந்திருக்காது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கடை முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில். மீள்குடியேறி வந்த பிறகு ஒரு தொழிற்பயிற்சியில் போட்டோஷொப்பும் கோரல்ட்ரோவும் படித்து, 2016இல் ஒரு கொம்பியூட்டர், ஒரு போட்டோகொப்பி மெஷினுடன் தொடங்கியது. வருடம் முழுக்க வரும் வேலை கலியாண அழைப்பு, சாமத்திய வீட்டுப் பனர், பிறந்தநாள் பனர், எல்லாவற்றையும் விட அதிகமாகக் கண்ணீர் அஞ்சலி. ஓப்செட் மெஷின் என்னிடம் இல்லை. நாலு கலரில் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் டிசைனை முடித்து யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றுக்கு மின்னஞ்சலில் அனுப்புவேன். அவர்கள் அடித்துக் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். ஆனையிறவு, பரந்தன், விசுவமடு கடந்து கட்டு வந்து சேரும். எங்கள் ஊர் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு 2011இல் வரவேண்டிய தேர்தல் தள்ளித் தள்ளி நடக்காமலே போனது. 2018 பெப்ரவரி 10இல் நடந்தபோது வேட்பாளர் எல்லாருமே யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அடித்துக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அடுத்த முறை ஒரு கை பார்ப்பது என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது.

2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். ஜனவரி 18இல் இருந்து 21 வரை வேட்புமனு. அந்தக் கிழமையிலேயே என் கடைக்கு ஏழு பேர் வந்தார்கள். நாலு பேர் கட்சிக்காரர், மூன்று பேர் சுயேட்சை. எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை, இன்றைக்கும் சந்தையில் முகம் பார்க்கிற ஆட்கள். வேட்புமனுவோடு கட்டுகிற கட்டுப்பணம் கட்சிக்கு ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா, சுயேட்சைக்கு 5,000 ரூபா. அதைக் கட்டியதிலேயே கை காய்ந்துவிட்டது என்றுதான் எல்லாரும் கதையைத் தொடங்கினார்கள். "தங்கச்சி, இப்ப கொஞ்சம் தாறன், மிச்சம் எலெக்சன் முடிய." 2022இல் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடச் சோதனையே தள்ளிப்போன நாடு இது. தாளும் மையும் விலை ஏறிய வேகத்தில் அச்சகக்காரர் எனக்குக் கடன் தரமாட்டார் என்று தெரியும். தெரிந்தும் ஓமென்றேன். ஏழு பேருக்கும் சேர்த்து அச்சகப் பில் 4,12,000 ரூபா. முற்பணமாகக் கைக்கு வந்தது 90,000. நகை அடைவு வைத்து 2,50,000 கட்டினேன். மிச்சம் 72,000க்கு அச்சகக்காரரிடம் தவணை கேட்டு நின்றேன். என் டிசைன் கூலி இதில் ஒரு சதம்கூட இல்லை.

சரி, வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன். முதல் சண்டை முகத்தின் அளவில். "என்ர படம் கொஞ்சம் பெரிசா வரட்டும்" என்று எல்லாருமே சொல்வார்கள். ஆனால் உள்ளூராட்சித் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. கட்சியின் பெயரும் சின்னமும்தான். சுயேட்சை என்றால் குழு இலக்கமும் சின்னமும். 2018இல் வட்டார முறை வந்தபோது, பட்டியலில் பிடித்த ஆளின் இலக்கத்துக்குப் போடுகிற விருப்பு வாக்கும் போய்விட்டது. அப்படியிருக்க, அரைப் பக்கத்துக்கு முகத்தைப் போட்டு, சின்னத்தைத் தீப்பெட்டி அளவில் மூலைக்குத் தள்ளினால் ஆச்சிக்கு எது நினைவில் நிற்கும்? நான் இதைச் சொன்னால், "நீ படத்தைப் போடு பிள்ளை, சின்னம் சனத்துக்குத் தெரியும்" என்பார்கள். தெரியாது. 2018இல் வீட்டுச் சின்னத்தில் நின்றவர்களில் ஒரு பகுதியினர் 2023இல் குத்துவிளக்குக்குப் போனார்கள், 2025இல் சங்குக்கு. வேட்பாளருக்கே நாக்குத் தடுமாறியதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு வேட்பாளர் 2020 பாராளுமன்றத் தேர்தல் சுவரொட்டி ஒன்றை மாதிரியாகக் கொண்டுவந்து, அதில் இருந்ததுபோல் தனக்கும் வட்டத்துக்குள் ஒரு விருப்பு இலக்கம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். இந்தத் தேர்தலில் அது இல்லை ஐயா என்றால், "பரவாயில்லை, 3 எண்டு போடு, ராசியான நம்பர்" என்றார். இதில் மட்டும் நான் இறங்கவில்லை.

படம் தருவது வட்ஸ்அப்பில். சாமத்திய வீட்டில் எடுத்த படம், தோளில் வேறு யாரோ ஒருவரின் கை. வெட்டி எடுத்தால் காது பாதி போய்விடும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கித்தான் வரும், டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, கடை வாசலில் வெள்ளைச் சுவரில் நிறுத்தி நீங்களே எடுத்துவிடுவது. காலை ஒன்பதுக்கு முன்னம் வரச் சொன்னால் கண்ணும் சுருங்காது. கைகூப்பிய படம், நெஞ்சில் கைவைத்த படம், தூரத்தைப் பார்க்கிற படம் மூன்றையும் எடுங்கள். மூன்றாவதைத்தான் கேட்பார்கள். பின்னால் குளம், வயல், ஒரு பனை.

சொற்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கதைக்கலாம். நேரே வந்தால் "அண்ணை, உங்கட வோட்டைப் பாத்துப் போடுங்கோ" என்று கேட்கிற மனுசன், தாளில் ஏறியதும் "எமது தேசத்தின் விடியலுக்காய்" என்கிறார். "மக்கள் சேவகன்", "உங்கள் வீட்டுப் பிள்ளை", "உங்கள் பொன்னான வாக்குகளை". ஒருவர் "மண்ணின் மைந்தன்" என்று போட்டார். அவர் 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்து இங்கேயே தங்கியவர். பிரசுரத்தை வாங்கிய ஒரு அம்மா, "எந்த மண் தம்பி?" என்று கேட்டாராம். பெயருக்குக் கீழே ஜே.பி. (சமாதான நீதவான்), ஓய்வுபெற்ற அதிபர், மாதர் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகக் காப்பாளர் என்று ஏழெட்டு வரி. பிரதேச சபை செய்யக்கூடிய வேலை உள்ளூர் ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், மயானம். அவற்றில் ஒன்றாவது அந்தத் தாளில் இருக்காது. சுயேட்சையில் நின்ற ஒரு பெடியன் மட்டும் "சந்தைக்குப் பின்பக்க ஒழுங்கைக்கு மூன்று லைட்" என்று எழுதித் தந்தான். டிசைனராக எனக்கு அதில் அழகாக எழுத ஒன்றுமில்லை. ஆனால் கடைக்கு வந்த ஆட்கள் எடுத்து முழுதாக வாசித்த பிரசுரம் அதுதான்.

இனி என் மானம் போன கதை. குத்துவிளக்குச் சின்ன வேட்பாளர் ஒருவருக்கு நானே ஆசையாக ஒரு சுவரொட்டி செய்தேன். நடுவில் நீள்வட்டத்துக்குள் படம், வெள்ளைச் சட்டை, மெல்லிய ஊதாப் பின்னணி, படத்துக்குப் பக்கத்தில் தீபம் எரிகிற குத்துவிளக்கு, கீழே பெயரைத் தடித்த எழுத்தில். திரையில் பார்க்க நல்ல அமைதியாக இருந்தது. அதன் மாதிரிப் பிரதியைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். பின்னேரம் மரக்கறி வாங்க வந்த ஒரு அம்மா நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "இவர் எப்ப பிள்ளை மோசம் போனவர்?" என்று கேட்டார். எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. ஏழு வருடமாகக் கண்ணீர் அஞ்சலி செய்து செய்து கை அதற்கே பழகிப்போயிருக்கிறது. அச்சகத்துக்குப் போன் எடுத்தால் அச்சுத் தகடு (பிளேட்) போட்டாயிற்று, முன்னூறு அடித்தும் ஆயிற்று. நிறுத்தி, படத்தை இடப்பக்கம் தள்ளி வட்டத்தை எடுத்து, பின்னணியை மஞ்சளாக்கி, விளக்கைச் சுடர் இல்லாத கறுப்புக் கோட்டுப்படமாக்கி, வாக்குச்சீட்டில் போடுகிற X அடையாளமான புள்ளடியோடு ஒரு பெட்டிக்குள் வைத்தேன். புது பிளேட்டும் வீணான தாளும் 14,000 ரூபா, அதுவும் என் தலையில். வேட்பாளருக்கு இன்றுவரை காரணம் சொல்லவில்லை. வன்னியில் டிசைன் செய்கிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். எங்கள் சந்திகளில் சனம் கண்ணால் பழகிய சுவரொட்டி சாவு அறிவித்தல்தான். தனிப் படம், நீள்வட்டம், ஊதா, விளக்கு, பூ, பிறந்த திகதி ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஆள் போய்விட்டார் என்றுதான் எடுப்பார்கள். ஒரு வேட்பாளர் பிறந்த ஆண்டையும் போடச் சொல்லிக் கேட்டார். கும்பிட்டு மறுத்தேன்.

பெண் வேட்பாளர்கள் விசயமும் சொல்லவேண்டும். பட்டியலில் நாலில் ஒரு பங்கு பெண்கள் என்று சட்டம் வந்த பிறகு எல்லாப் பட்டியலிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் சுவரொட்டி செய்ய அவர்கள் தனியே வருவதில்லை. கணவனோ அண்ணனோ கட்சி அமைப்பாளரோதான் படத்தையும் பெயரையும் கொண்டுவருகிறார்கள். ஒருவருக்குக் கொண்டுவந்தது அடையாள அட்டைப் படம். அவரை நேரில் வரச் சொன்னேன். வந்தவர் கதிரையில் இருந்து, முதலில் கேட்டது, "அக்கா, என்ர பேர் இவரின்ர பேரை விடச் சின்னனாவே வரும்?" கணவரின் பெயர் முதலெழுத்தாக இல்லாமல் முழுதாக, பெரிதாக, தொலைபேசி எண்ணோடு எழுதித் தரப்பட்டிருந்தது. அவர் முன்னாலேயே அதைச் சிறிதாக்கிக் காட்டினேன். சிரித்தார். அடுத்த நாள் அமைப்பாளர் வந்து திரும்பப் பெரிதாக்கிக்கொண்டு போனார். காசு தருகிறவர் அவர், நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காசும் பிறகு வரவில்லை என்பது வேறு கதை.

அடுத்தது எழுத்துரு. இங்கே பாதிப் பேர் இன்னும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறோம், வருகிற செய்தி யுனிகோட்டில். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறாமல் பார்க்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கு நடந்தது அதற்கு எதிர்ப்பக்கம். துண்டுப்பிரசுரத்தில் சின்னத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் புள்ளடிக்கு ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போட்டிருந்தேன். அச்சகத்துக் கொம்பியூட்டரில் அந்த ஆங்கில எழுத்துரு இல்லை. அது தானாகப் பாமினிக்கு மாறிவிட்டது. பாமினியில் பெரிய எக்ஸ் என்றால் 'ஓ'. ஐயாயிரம் பிரசுரத்தில், புள்ளடி இருக்கவேண்டிய பெட்டிக்குள் ஒரு அழகான 'ஓ'. வேட்பாளர் கேட்டார், "இதென்ன, சனம் ஓ எண்டு கத்தட்டோ?" நானும் என் தங்கையின் பிள்ளைகளும் மூன்று இரவு இருந்து மார்க்கர் பேனையால் ஒவ்வொன்றிலும் 'ஓ'வின் மேல் புள்ளடி போட்டோம். நாலாயிரத்துச் சொச்சத்தோடு கை விட்டுப்போய்விட்டது. அதனால் அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எல்லா எழுத்தையும் கேர்வ்ஸ் (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்குங்கள், பி.டி.எஃப். ஒன்றையும் கூட அனுப்புங்கள், அங்கே திறந்த பிறகு திரையைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இதெல்லாம் முடிந்து கட்டுகள் வந்து இறங்கியபோது பெப்ரவரி நடுப்பகுதி. பெப்ரவரி 22இல் தொடங்கவிருந்த தபால் வாக்களிப்பு நடக்கவில்லை. காசு தராமல் வாக்குச்சீட்டு அச்சடிக்க முடியாது என்று அரச அச்சகம் சொல்லிவிட்டது. கடையில் வானொலியில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அரசாங்கத்துக்கே முற்காசு இல்லாமல் அடிக்கமாட்டோம் என்கிறார்கள், நான் ஏழு பேருக்குக் கடனுக்கு அடித்துவைத்திருக்கிறேன். மாத முடிவில் மார்ச் 9 இல்லை என்று ஆனது. பிறகு ஏப்ரல் 25 என்றார்கள். அதுவும் போனது. அந்தக் கிழமையிலிருந்து ஏழு பேரின் போனும் ஒவ்வொன்றாக அடங்கியது. "எலெக்சன் முடியத் தாறன்" என்றுதானே சொன்னார்கள், எலெக்சன் முடியவில்லையே. வாக்குத் தவறவில்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

இரண்டு பேர் நேர்மையாக வந்து கட்டினார்கள், 58,000மும் 47,000மும். மிச்சம் 2,17,000 நின்றது. ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒருவர் கட்சி தரும் என்றார், கட்சி அவர் தருவார் என்றது. ஒரு பெண் தனியாகப் போய் ஆம்பிளைகளின் வீட்டுப் படலையில் நின்று கடன் கேட்பது இந்த ஊரில் எப்படிப் பார்க்கப்படும் என்று தெரியும்தானே. இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போகவில்லை. அச்சகத்துத் தவணைக்கு ஒவ்வொரு மாதமும் 6,000 கட்டினேன். நகை மீட்ட அன்று அடைவு வட்டியைக் கணக்குப் பார்க்கவேண்டாம் என்று நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் முழுத் தொகை சொல்லவில்லை, அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. என் பின்னறைக் கட்டுகளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஆக, முழங்காவில் தம்பிக்கு முதல் சொல்வது: அச்சகத்துக்குப் போகிற காசு முழுவதும் கைக்கு வராமல் பிளேட் போட விடாதே. உன் கூலியை வேண்டுமானால் பிறகு வாங்கு. தேர்தல் சுவரொட்டி சந்தையில் மீன் மாதிரி, அன்றைக்கு விற்காவிட்டால் அதற்குப் பிறகு விலை இல்லை. 2023 வேட்புமனு எல்லாவற்றையும் 2025இல் சட்டம் போட்டே இரத்துச் செய்தார்கள், மார்ச் 17இல் இருந்து 20 வரை புதிதாக வாங்கி, அந்த வருடம்தான் தேர்தலை நடத்தினார்கள். இரண்டு வருடத்தில் ஆள் மாறி, கட்சி மாறி, சின்னமும் மாறிப்போனது. வேட்புமனு ஏற்கப்பட்டது என்று தெரியாமலும் அடிக்காதே. 2025இல் நாடு முழுக்க எத்தனையோ பட்டியல்கள் பிறப்புச் சான்றிதழ் பிரதிப் பிரச்சினையில் நிராகரிக்கப்பட்டன, சிலர் நீதிமன்றம் போய்த்தான் திரும்ப வந்தார்கள். சுயேட்சைக் குழு என்றால் சின்னமும் இலக்கமும் உறுதியாகிக் கையில் வரும்வரை டிசைன் கோப்பையே மூடிவை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். வேட்புமனு நாளிலிருந்து தேர்தல் முடியும்வரை பொது இடத்தில் வேட்பாளரின் படத்தையோ சின்னத்தையோ ஒட்டுவது சட்டப்படி குற்றம். இரவில் ஒட்டுவார்கள், காலையில் பொலிஸ் கிழிக்கும். கோதுமை மாப் பசையில் ஒட்டியதைக் கட்டாக்காலி மாடு கிழிக்கும். பொலிசை விட மாடு கெதி. எங்களிடம் மதில் எங்கே இருக்கிறது, முள்ளுக்கம்பி வேலியும் தகரமும் மதகும்தானே. அதனால் 2025இல் வந்தவர்களிடம் சுவரொட்டி முந்நூறு போதும், வீடுவீடாகக் கொடுக்கிற பிரசுரத்தைக் கூட்டுங்கள் என்றேன். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் தாளில் கட்டாயம் இருக்கவேண்டும். சிலர் அழகு கெடுகிறது என்று எடுக்கச் சொல்வார்கள், எடுக்காதே. வெள்ளைப் பின்னணி கிரவல் வீதியில் இரண்டு நாளில் செம்மண் நிறமாகிவிடும். வெயிலில் முதலில் போவது மஞ்சளும் சிவப்பும், மூன்று கிழமையில் வேட்பாளர் நீல முகத்தோடு நிற்பார். கறுப்பில் தடித்த சின்னம் மட்டும் கடைசிவரை நிற்கும். போன் திரையில் பளிச்சென்ற சிவப்பைப் பார்த்து ஓமென்று சொல்பவருக்கு ஒரு டிஜிட்டல் பிரதி எடுத்துக் காட்டிக் கையெழுத்து வாங்கு.

இன்னொன்று பில். 2023இல் தேர்தல் செலவினச் சட்டம் வந்ததால், முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் காட்டவேண்டும். அதனால் 2025இல் எல்லாரும் பில் கேட்டார்கள். ஒருவர் பாதித் தொகைக்கு எழுதித் தரச் சொன்னார். மாட்டேன் என்றதும் வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

2025 மார்ச் கடைசியில் பழைய கடன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தலைமயிர் முன்னுக்குக் கொட்டியிருந்தது. திரும்பவும் நிற்கிறாராம், வேறு சின்னத்தில். "பழைய கணக்கு எவ்வளவு தங்கச்சி?" என்றார். 38,000 என்றேன். கொப்பியைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. காசாக இல்லை, பெரும்போக நெல் வீட்டில் கிடக்கிறது என்றார். சரி, நெல்லாகவே தாருங்கள் என்றேன். பின்னேரம் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் மூன்று மூட்டை வந்தது. நிறுத்தேன், 195 கிலோ. அப்போது அரசாங்க விலை நாட்டு ரக நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, 23,400 ஆயிற்று. மிச்சம் 14,600ஐயும் புது வேலையின் முழு அச்சுச் செலவையும் மேசையில் எண்ணி வைக்கும்வரை கொம்பியூட்டரைப் போடவில்லை. அவர் கோபிக்கவும் இல்லை. படம் எடுக்க வாசலுக்கு வாருங்கள் என்றேன். "வேண்டாம், அந்தப் பழைய படத்தையே போடு, அதில வடிவா இருக்கிறன்" என்றார். பழைய கோப்பைத் திறந்து சின்னத்தை எடுத்தேன், நிறத்தை மாற்றினேன், தலைவர்மாரின் படங்களை மாற்றினேன். "மாற்றத்துக்கான நேரம் இது" என்ற வரிக்கு வந்தபோது அவரைப் பார்த்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றார்.